முதலில் பல், பிறகு எலும்பு: முக, மண்டை எலும்பு முறிவுச் சிகிச்சை பயில வருவோருக்கு

சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மேல் பினாங்கில் ஒரு பெரிய அவசரப் பிரிவில் நின்றால், மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்து முகம் வீங்கி வரும் இளைஞர் ஒருவரையாவது பார்க்காமல் பெரும்பாலும் பொழுது விடிவதில்லை. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் சென்றவர்கள். உயிர் தப்பியவர்களில் பலர் தாடையோ கன்னமோ உடைந்து எங்களிடம் வருகிறார்கள். தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம்தான் என்றாலும், இங்கே மிகுதியாக அணியப்படுவது முகம் திறந்திருக்கும் கவசம். அது மண்டையைக் காக்கும் அளவுக்கு முகவாயைக் காப்பதில்லை.

அந்த முகங்களைச் சீராக்கக் கற்றுக்கொள்ள வரும் இளம் பல் மருத்துவர்களையும் மருத்துவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வந்த முதல் வாரத்தில் அவர்கள் கேட்பதெல்லாம் உடைந்த எலும்பைப் பிணைக்கும் தகடு, திருகு, துளைக்கருவி, முப்பரிமாண அச்சு ஆகியவற்றைப் பற்றித்தான். கடிப்பு, அதாவது மேல்வரிசைப் பற்களும் கீழ்வரிசைப் பற்களும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்பதைப் பற்றி எவரும் கேட்பதில்லை. முகத்தின் கீழ்ப்பாதியில் எலும்பு சரியான இடத்துக்கு வந்துவிட்டதா என்று சொல்லும் சாட்சி அது ஒன்றுதான். கீழே நான் சொல்லும் படிகளின் வரிசையும் அதைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

எந்த வாசல்

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எந்தப் பட்டத்துடன் இத்துறைக்குள் நுழைகிறீர்கள் என்பதாகும். மலேசியாவில் முக எலும்பு முறிவுகளைப் பெரும்பாலும் கவனிப்பது வாய், முகத்தாடை அறுவைத் துறை; இதில் சேர்வோர் பல் மருத்துவப் பட்டதாரிகள். அரசுப் பணியில் சில ஆண்டுகள் பல் மருத்துவ அலுவலராக வேலை பார்த்து, அதில் ஒரு பகுதியையாவது மருத்துவமனை அறுவைப் பிரிவில் கழித்து, பிறகு முதுநிலைப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதே வழக்கமான பாதை. 1972-இல் தொடங்கப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலமும், கோலாலம்பூர் ஜாலான் ராஜா மூடா அப்துல் அஜீஸில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழகப் பல் மருத்துவப் புலமும் இதற்குப் பலரும் நாடும் இடங்கள். முகத்தின் தோல், மூக்கு, காது ஆகியவற்றிலிருந்து இதே காயங்களை அணுக விரும்பும் மருத்துவப் பட்டதாரிகள் பிளாஸ்டிக் அறுவையையோ காது மூக்கு தொண்டைப் பிரிவையோ தேர்ந்தெடுக்கிறார்கள். மண்டையோடும் மூளையும் நரம்பியல் அறுவையினரின் பொறுப்பு. அப்பட்டத்துக்குக் கிளந்தானின் குபாங் கிரியானிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக வளாகத்துக்குச் சென்று படித்தவர்களை நாடெங்கும் காணலாம்.

மூன்று வாசல்களில் எது வழியாக வந்தாலும், பெரிய முகக்காயம் ஒன்றின் முன் மூன்று துறையினரும் ஒரே மேசையைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஆகவே மற்ற இரு துறையினரின் காலைச் சுற்றில் மாதம் ஒரு முறையாவது போய் நில்லுங்கள். "நீ எதற்கு வந்தாய்?" என்று யாராவது கேட்டால், கற்றுக்கொள்ள வந்தேன் என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

சேர்வதற்கு முன்

ஒரு மண்டையோட்டை, பிளாஸ்டிக்கில் செய்த மாதிரியாக இருந்தாலும் போதும், கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் படியுங்கள். நெற்றி விளிம்பு, கண்குழியின் அடிவிளிம்பு, கன்ன எலும்பு மேல்தாடையைத் தாங்கும் தூண், மூக்கின் ஓரத்தூண் ஆகியவை தடிப்பாகவும், இடையிலுள்ள சுவர்கள் முட்டையோடு போல மெல்லியதாகவும் இருப்பதை விரல் உணரும். கடிக்கும் விசையை மண்டையடிக்குக் கொண்டு செல்பவை அத்தூண்கள். திருகு பிடிப்பதும் அவற்றில்தான். பிரான்சின் லில் நகரில் ரெனே லெ ஃபோர் சடலங்களின் தலைகளில் அடித்துப் பார்த்து, 1901-இல் வெளியிட்ட மூன்று முறிவுக் கோடுகளை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம். முதற்கோடு பல்வரிசையோடு அண்ணத்தை மட்டும் பிரிக்கும். இரண்டாவது மூக்கையும் சேர்த்துக் கூம்பு வடிவில் பிரிக்கும். மூன்றாவது முகம் முழுவதையும் மண்டையடியிலிருந்து கழற்றிவிடும். உண்மையான விபத்துகள் புத்தகப்படி இரு பக்கமும் ஒன்றுபோல் உடைவது அரிது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

பல் மருத்துவப் பட்டதாரிகளுக்குக் கடிப்பு புதிதன்று. மருத்துவப் பட்டம் பெற்று வருவோர் இதற்கென ஒரு மாதம் ஒதுக்க வேண்டும். நண்பர்களின் வாயைப் பாருங்கள். எல்லோருக்கும் பாடப்புத்தகக் கடிப்பு இருப்பதில்லை; சிலருக்குக் கீழ்த்தாடை முன்னே இருக்கும், சிலருக்கு முன்பற்கள் பிறவியிலேயே சேராது. நோயாளிக்கு விபத்துக்கு முன் எந்தக் கடிப்பு இருந்ததோ அதையே திருப்பித் தர வேண்டும். பற்களின் தேய்மானத் தடங்கள் அதைக் காட்டிக்கொடுக்கும்: மேற்பல்லில் தேய்ந்த பளபளப்பான முகப்பும் கீழ்ப்பல்லில் தேய்ந்த முகப்பும் பூட்டும் சாவியும் போல் பொருந்தும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். அடையாள அட்டைப் புகைப்படத்தைவிடத் திருமணப் புகைப்படம் உதவும், ஏனெனில் அதில் சிரித்திருப்பார்கள்.

அவசரப் பிரிவில் பார்க்கும் வரிசை

வீங்கிய முகம் பயமுறுத்தும். கண் அங்கேதான் போகும். ஆனால் நோயாளியின் உயிரைப் பறிப்பவை வேறு. மூச்சுவழி, கழுத்து, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவுநிலை என்ற வரிசையை முடித்துவிட்டுத்தான் முகத்துக்கு வர வேண்டும். கீழ்த்தாடையின் முன்பகுதி இருபுறமும் முறிந்தவருக்கு நாக்கைப் பிடித்திருக்கும் எலும்புத் துண்டே பின்னே சரிந்துவிடுவதால், மல்லாக்கப் படுக்க வைத்ததும் மூச்சு அடைக்கும். அவர் எழுந்து உட்காரத் துடிப்பதைப் பார்த்து, குடித்துவிட்டுத் தகராறு செய்கிறார் என்று கட்டிப்போட்ட கதை எல்லா ஊரிலும் உண்டு. நினைவோடு இருந்து, கழுத்து எலும்பும் அனுமதித்தால், அவரை உட்கார்ந்து முன்சாய விடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் துண்டை விரலால் முன்னே இழுத்துப் பிடித்துக்கொண்டு மயக்க மருந்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். முகத்தில் இவ்வளவு அடி விழுந்தவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்றே, இல்லை என நிரூபணமாகும் வரை, நடந்துகொள்ள வேண்டும்.

நினைவுநிலையை 1974-இல் கிளாஸ்கோவில் வகுக்கப்பட்டு, இன்று 15 புள்ளி கொண்டதாக இருக்கும் அளவையால் குறிக்கிறோம். ஒருமுறை எழுதி வைத்துவிட்டு நகர்வதால் பயனில்லை; மணிக்கு மணி அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் செய்தி. பொட்டில் அடிபட்டுக் கன்ன எலும்பு முறிந்தவர், மாலையில் உங்களோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இரவில் தூங்கி வழிந்தால், அதைக் களைப்பு என்று எண்ணாதீர்கள். பொட்டெலும்பின் உட்புறம் ஓடும் தமனி கிழிந்து, மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் கட்டிக்கொண்டிருக்கலாம். நரம்பியல் அறுவையினரை அழைக்க வேண்டிய தொலைபேசி அழைப்பு அது. கன்ன எலும்பு ஒரு வாரம் காத்திருக்கும்.

இரு கண்களைச் சுற்றியும் கருவளையம், காதின் பின்னே நீலம், மூக்கிலிருந்து தண்ணீர் போன்ற ஒழுக்கு ஆகியவை மண்டையடி முறிவைச் சொல்லும். குனிந்தால் மூக்கில் சொட்டுகிறது, தொண்டையில் உப்புக் கரிக்கிறது என்று நோயாளி சொன்னால், அது மூளையைச் சூழ்ந்த திரவமாக இருக்கக்கூடும். பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனை அதை உறுதிசெய்யும். அத்தகையவருக்கு மூக்கு வழியாக எந்தக் குழாயையும் செலுத்தக் கூடாது. மூக்கைச் சிந்தவும் வேண்டாம் என்று அவரிடமும், "சளிதானே, சிந்திவிடுப்பா" என்று பக்கத்தில் நின்று சொல்லும் அத்தையிடமும் தெளிவாகச் சொல்லுங்கள்.

கன்ன எலும்பு காத்திருக்கும் என்று சொன்னேன். முகக்காயங்களில் அநேகமாக எல்லாம் அப்படித்தான்; காத்திருக்காதவை மூன்று, இளையோர் தவறவிடுபவையும் அவைதான். முதலாவது, கண்ணின் பின்னே இரத்தக்கட்டு. கண் முன்தள்ளிக் கல் போல் இறுகி, வலி கடுமையாகி, பார்வை மங்கி, கண்மணி விரிந்து ஒளிக்கு அசையாமல் நின்றால், ஸ்கேனுக்கு அனுப்பி நேரம் கடத்தக் கூடாது. கண்ணின் வெளிமூலையை அந்த இடத்திலேயே வெட்டி அழுத்தத்தை விடுவிக்க வேண்டும். விழித்திரை இரத்த ஓட்டமின்றி ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே தாங்கும். இரண்டாவது, சிறுவர்களின் கண்குழித் தரையில் பொறிக்கதவு போல் திறந்து மூடிக்கொள்ளும் முறிவு. கண்ணில் சிவப்போ வீக்கமோ பெரிதாக இருக்காது. பையன் மேலே பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டான், வாந்தி எடுப்பான், நாடித்துடிப்பு குறையும். வாந்தியை வைத்துத் தலைக்காயம் என்று வார்டில் கிடத்திவிடுவார்கள். உள்ளேயோ தசை நசுங்கிச் செத்துக்கொண்டிருக்கும். ஓரிரு நாளுக்குள் விடுவிக்காவிட்டால் இரட்டைப் பார்வை நிலைத்துவிடும். மூன்றாவது, மூக்கின் நடுச்சுவரில் இரத்தக்கட்டு: டார்ச் அடித்துப் பார்த்தால் போதும், அன்றே கீறி வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் குருத்தெலும்பு கரைந்து மூக்கு உட்கார்ந்துவிடும்.

கையால் படிக்கும் முறை

ஒரே வரிசையில், ஒவ்வொரு முறையும் மாறாமல் முகத்தைப் படிக்கப் பழகுங்கள். நான் நோயாளியின் தலைப்பக்கம் நின்று மேலிருந்து தொடங்குவேன்: நெற்றி, கண்குழி விளிம்புகள், மூக்கின் பாலம், கன்ன வளைவு, பிறகு காதின் முன்னே தாடை மூட்டு. வீக்கத்தில் கன்னம் தட்டையானது தெரியாமல் போகலாம். இரு ஆட்காட்டி விரல்களையும் இரு கன்ன முகடுகளில் வைத்து மேலிருந்து பார்த்தால் உயர வேறுபாடு தெரியும். கன்னத்திலும் மேலுதட்டிலும் மரத்திருக்கிறதா, கீழுதட்டில் மரத்திருக்கிறதா என்று கேட்டு, அறுவைக்கு முன்பே எழுதி வையுங்கள். பிறகு ஏற்படும் வழக்குகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாததால் வருபவை என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

வாய்க்குள் வரும்போது மேல்பற்களைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள், மற்றக் கை நெற்றியில் இருக்கட்டும். எது எதோடு அசைகிறது என்பதுதான் லெ ஃபோர் கோடுகளைப் பிரித்துக் காட்டும். நாக்கின் அடியில் இரத்தக் கன்றல் இருந்தால் கீழ்த்தாடை முறிவைத் தேடுங்கள். கீழ்த்தாடை ஒரு முறுக்கைப் போன்றது, ஒரு பக்கம் உடைந்தால் மறுபக்கமும் எங்காவது விட்டிருக்கும். முகவாயில் தையல் போட வேண்டிய காயத்தோடு வந்தவருக்குத் தையலோடு வேலை முடிந்துவிட்டது என்று அனுப்பாதீர்கள். விசை மேலேறி இரண்டு மூட்டுக் கழுத்துகளையும் ஒடித்திருக்கலாம். குழந்தைகளில் அதைத் தவறவிட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாய் திறக்காமலும் முகம் ஒரு பக்கமாகவும் வளரும்.

கடைசியாகக் கடிப்பு. பின்பற்கள் சேர்வது போல் கடியுங்கள் என்று சொல்லிவிட்டு, "பழைய மாதிரி இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். மலாயில் "கிகிட்" என்று சொன்னால் எவருக்கும் புரியும். ஆனால் தமிழ் முதியவர் ஒருவரிடம் "முறுக்குக் கடிக்கிற மாதிரி கடிங்க, ஐயா" என்றால்தான் பின்பற்கள் சேரும், இல்லையேல் முன்பற்களை நீட்டிக் காட்டுவார். இன்னொரு எளிய சோதனை, மரத்தாலான நாக்குத்தட்டையைப் பின்பற்களுக்கிடையே கடிக்கச் சொல்லி நாம் அதை முறுக்குவது. குச்சி முறியும் வரை வலியின்றிக் கடித்துப் பிடிப்பவருக்குக் கீழ்த்தாடை முறிந்திருக்க வாய்ப்பு குறைவு.

படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தாடைக்கு முழுவரிசைப் பல் எக்ஸ்ரேயும் முன்பின் எக்ஸ்ரேயும் பல நேரங்களில் போதும். நடுமுகத்துக்கும் கண்குழிக்கும் மெல்லிய வெட்டுகள் கொண்ட சிடி ஸ்கேன் வேண்டும். வண்ணமயமான முப்பரிமாணப் படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது மெல்லிய சுவர்களில் இல்லாத ஓட்டையைக் காட்டும், இருக்கும் விரிசலை மறைக்கும். மூன்று திசை வெட்டுகளையும் நீங்களே உருட்டிப் பார்த்து, காகிதத்தில் ஒரு மண்டையோடு வரைந்து முறிவுகளைக் கோடிட்டு, அதற்குப் பிறகே ஸ்கேன் அறிக்கையைப் படியுங்கள்.

கைப்பழக்கம்

முதலில் கம்பி. 0.4 அல்லது 0.5 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை முன்பே சற்று இழுத்து நீட்டி, பற்களின் கழுத்தைச் சுற்றிச் செலுத்தி, மேல், கீழ்த் தாடைகளைச் சேர்த்துப் பூட்ட உதவும் ஆர்ச் பார் என்ற கொக்கிப்பட்டையோடு கட்டுவது இத்துறையின் அரிச்சுவடி. எப்போதும் கடிகாரத் திசையில் முறுக்க வேண்டும், ஏனெனில் அவிழ்க்க வருபவர் வேறொருவராக இருப்பார். இழுத்துக்கொண்டே முறுக்க வேண்டும். முறுக்கு நெருங்கி வரும்போது கம்பியின் பளபளப்பு மங்கும், அதற்கு மேல் அரைச்சுற்று போனால் அறுந்துவிடும். நுனியை வெட்டி, ரோஜா மொட்டுப் போல் சுருட்டி ஈறுப்பக்கம் மடக்காவிட்டால் உதடு இரவெல்லாம் கிழியும். கையுறை இரண்டு அணியுங்கள். எங்கள் துறையில் ஊசியைவிடக் கம்பிதான் விரலில் அதிகம் ஏறுகிறது. பிளாஸ்டர் மாதிரிப் பல்வரிசையில் இருபது முறை கட்டிய பிறகே நோயாளியின் வாயில் கை வையுங்கள்.

தகட்டுப் பயிற்சிக்குச் செயற்கை எலும்பு நல்லது, சந்தையில் வாங்கும் ஆட்டுத்தலை இன்னும் நல்லது. தோலையும் சதையையும் விலக்கி எலும்பை அடைவது எப்படி, துளைக்கும்போது நீர் ஊற்றாவிட்டால் எலும்பு எப்படிக் கருகி வாசம் வரும் என்பதையெல்லாம் ஆட்டுத்தலை கற்றுத்தரும். எலும்பு 47 டிகிரி செல்சியஸை ஒரு நிமிடம் தாண்டினாலே அந்த விளிம்பு செத்துவிடும். செத்த எலும்பில் திருகு நிற்காது. ஆயினும் ஆட்டுக்கு மேல்வரிசை முன்பற்கள் கிடையாது என்பதால், கடிப்பை அது ஒருபோதும் கற்றுத்தராது. ஆட்டுத்தலையில் அழகாகத் தகடு பொருத்தியவர்கள் நோயாளியிடம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைப்பதுண்டு.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 2012-இல் தொடங்கிய 'சைலண்ட் மென்டர்' திட்டம், தங்கள் உடலைக் கொடையாகத் தந்தவர்கள் மீது அறுவை நுட்பங்களைப் பயில வழி செய்தது. பயிற்சிக்கு முன் மாணவர்கள் கொடையாளரின் வாழ்க்கையைப் பற்றிக் குடும்பத்தாரிடமே கேட்டறிகிறார்கள். மௌனகுரு என்று தமிழில் சொல்லிப் பார்த்தால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். உடற்கொடையாளர் மீது பயிலும் வாய்ப்பு எங்கு கிடைத்தாலும் விட்டுவிடாதீர்கள். ஒரு காதின் மேலிருந்து மறுகாது வரை உச்சந்தலையைக் கீறி நெற்றித்தோலை முகத்தின் மேல் கவிழ்க்கும் வழியை அதுபோன்ற இடத்தில்தான் நிதானமாகக் கற்க முடியும். புருவத்தை உயர்த்தும் முகநரம்புக் கிளை, காதுத் துளைக்கு முன்னே 8 முதல் 35 மில்லிமீட்டருக்குள் கன்ன வளைவைக் கடக்கிறது. எந்தப் படலத்தின் கீழ் போனால் அது தப்பும் என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

எலும்பு பொருத்தும் முறைகளைக் கற்பிக்க 1958-இல் சுவிட்சர்லாந்தில் உருவான ஏஓ அமைப்பு, 1960 முதல் டாவோஸில் வகுப்புகள் நடத்துகிறது. அதன் முக, மண்டை எலும்புப் பிரிவு நடத்தும் அடிப்படை வகுப்பு ஆசிய நகரங்களிலும் நடக்கிறது. இரண்டாம் ஆண்டில் போங்கள். முதலாண்டிலேயே போனால் கேள்வி எழாது. நான்காம் ஆண்டில் போனால் கெட்ட பழக்கம் ஊறியிருக்கும்.

அறுவை அரங்கில் ஏறும் படிகள்

ஆறு மாதம் உதவியாளராக நின்ற பிறகு ஆர்ச் பார் உங்களுடையதாகும். அதற்குப் பிறகு கீழ்த்தாடைக் கோண முறிவு. தகட்டை எங்கே வைப்பது என்பதற்கு, 1970-களில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகர அறுவை மருத்துவர் ஷாம்பி வகுத்த கோடுகளே இன்றும் வழிகாட்டி. கடிக்கும்போது தாடையின் மேல்விளிம்பு பிரியப் பார்க்கும், கீழ்விளிம்பு அழுந்தும். ஆகவே கோணத்தில் மேல்விளிம்பில் ஒரு சிறு தகடு போதும். கீழுதட்டு நரம்பு வெளிவரும் இரு முகவாய்த் துளைகளுக்கும் முன்னே தாடை முறுக்கப்படுவதால் அங்கே இரண்டு தகடுகள் வேண்டும். 2.0 மில்லிமீட்டர் திருகுக்கு 1.5 மில்லிமீட்டர் துளை. பல்வேர் எங்கே இருக்கிறது என்று படத்தில் அளந்துவிட்டுத் துளையுங்கள். தாடை நொறுங்கியோ எலும்பு குறைந்தோ இருந்தால் சிறு தகடு தாங்காது. முழுச் சுமையையும் தானே ஏற்கும் தடித்த தகடு வேண்டும்.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பயிற்சியின் மூன்றாம் ஆண்டில், ஒரு மருத்துவமனையில், நடுத்தர வயது அம்மா ஒருவருக்கு முன்தாடை முறிவும் ஒரு பக்க மூட்டுக் கழுத்து முறிவும் இருந்தன. பற்களைக் கம்பியால் இறுகக் கட்டினேன், கடிப்பு அழகாக இருந்தது, முன்தாடையில் இரண்டு தகடுகள் பொருத்தினேன், எக்ஸ்ரேயில் கோடே தெரியவில்லை. கட்டை அவிழ்த்துக் கடிப்பைத் திரும்பச் சோதிக்காமலே முடித்துவிட்டேன். அவிழ்த்தது மறுநாள் காலையில்தான். "டாக்டர், ஒரு பக்கம்தான் பல்லு படுது," என்றார் அந்த அம்மா, குறை சொல்லும் குரலில்கூட அல்ல, வலக்கை ஆட்காட்டி விரலால் இடப்பக்க இடைவெளியைத் தொட்டுக் காட்டியபடி. கம்பியை இறுக்கியபோது தாடை மூட்டு தன் குழியிலிருந்து கீழே இறங்கியிருந்தது. அந்த நிலையிலேயே நான் தகட்டைப் பூட்டியிருந்தேன். நான்காம் நாள் மறுபடி திறந்தோம். அன்றிலிருந்து தகடு போட்டதும் கட்டை அவிழ்த்து, தாடையைக் கோணத்தில் பிடித்து மேலும் பின்னுமாகத் தாங்கி, மெல்லத் திறந்து மூடி, பற்கள் தாமாகவே அந்தத் தேய்மானத் தடங்களில் விழுகின்றனவா என்று பார்க்காமல் எந்தத் தையலும் போடுவதில்லை.

முன்தாடை முறிவில் இன்னொரு கண்ணி உண்டு. முன்னே கோடு மறைந்துவிட்டது என்று மகிழும்போது, நாக்குப் பக்கத்தில் முறிவு வாய் பிளந்து முகம் அகலமாகிவிடும். உதவியாளர் இரு தாடைக் கோணங்களையும் உள்நோக்கி அழுத்திப் பிடிக்க, தகட்டைத் தேவைக்குச் சற்றுக் கூடுதலாக வளைத்துப் பொருத்தினால் பின்பக்கமும் மூடும்.

கன்ன எலும்பு அடுத்த படி. வீக்கம் வடிய ஐந்தாறு நாள் விட்டு, இரண்டு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். 1927-இல் அறுவை மருத்துவர் கில்லிஸ் விவரித்தபடி பொட்டின் முடிக்குள் இரண்டு சென்டிமீட்டர் கீறி, தசை உறைக்கு அடியில் நெம்புகோலைச் செலுத்தித் தூக்கும் முறையை ஒவ்வொருவரும் கற்க வேண்டும். மண்டையை ஆதாரமாக வைத்து நெம்பக் கூடாது, அங்கே எலும்பு மெல்லியது. கண்குழி அதற்கும் பிறகு. உட்சுவரில் முன் கண்ணீர் முகட்டிலிருந்து (கண்ணீர்ப் பைக்கு முன்னே இருக்கும் எலும்பு விளிம்பு) ஏறத்தாழ 24 மில்லிமீட்டரில் முதல் தமனி, மேலும் 12-இல் அடுத்தது, மேலும் 6-இல் பார்வை நரம்பு என்ற கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த சுவரை மூட வைக்கும் டைட்டானியம் வலையைப் பின்பக்க எலும்புப் படியில் உட்கார வைக்கும் வரை அது பொருந்தியதாகாது. வைத்த பிறகு இடுக்கியால் விழியின் அடிப்பகுதியைப் பிடித்து எல்லாத் திசையிலும் சுழற்றிப் பார்த்து, தடையின்றி ஓடினால்தான் மூட வேண்டும். நல்ல பக்கத்தைக் கணினியில் கண்ணாடி போல் திருப்பி அச்சிட்ட மாதிரியில் வலையை முன்பே வளைத்துக்கொள்வது இப்போது கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது, பயன்படுத்துங்கள். அச்சு வரும் வரை நோயாளியைக் காக்க வைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

முகம் முழுவதும் நொறுங்கியவரிடம் எங்கே தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை உண்டு. நான் கீழ்த்தாடையைச் சேர்த்துக் கடிப்பை நிலைநிறுத்தி, பிறகு உறுதியான மண்டையோட்டிலிருந்து கன்ன வளைவுகளை வெளியிலிருந்து உள்ளே கட்டிக்கொண்டு வந்து அகலத்தை நிர்ணயித்து, இரண்டையும் நடுமுகத்தூண்களில் இணைத்து, மூக்குக்கும் கண்குழித் தரைக்கும் கடைசியில் வருவேன். கடிப்பைச் சோதிக்க வாய் வேண்டும், மூக்கும் உடைந்திருக்கிறது. அப்படியானால் மூச்சுக்குழாய் எந்த வழியாக? முகவாய்க்கு அடியில் சிறு கீறலிட்டுக் குழாயை அங்கே வெளியே எடுப்பது 1986 முதல் கையாளப்படும் நல்ல வழி. இதை அறுவைக்கு முந்தின நாளே மயக்க மருந்து மருத்துவரோடு பேசித் தீர்க்க வேண்டும். மேசையருகே நின்று வாதாடுவது இருவருக்கும் அழகன்று.

நெற்றிக்குழியில், அதாவது நெற்றியெலும்புக்குள் இருக்கும் காற்றறையில், முன்சுவர் மட்டும் உள்வாங்கினால் அது தோற்றப் பிரச்சினை. பின்சுவரும் உடைந்து, மூக்குக்குப் போகும் வடிகாலும் சிதைந்திருந்தால், பல ஆண்டுகள் கழித்துக்கூட மூளையுறை அழற்சியோ சளிக்கட்டியோ வரலாம். நரம்பியல் அறுவையினர் பின்சுவரை அகற்றி, சளிப்படலத்தைத் துளியும் மிச்சமின்றித் துருவி எடுத்து, வடிகாலை அடைத்து, மண்டையோட்டு உறையின் மடலால் மூடுவார்கள். உச்சந்தலைக் கீறலின்போது அந்த உறையைக் கிழிக்காமல் எடுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. மண்டையோடு உள்ளமுங்கியதில், தோலும் கிழிந்து, அமுங்கிய ஆழம் எலும்பின் தடிப்பைத் தாண்டினால் பொதுவாக அறுவை வேண்டும். அந்த முடிவு அவர்களுடையது, நாம் உடன் நிற்போம்.

அறுவைக்குப் பிறகு

தொண்டையில் அடைத்த துணிச்சுருளை எடுத்துவிட்டோமா என்று, தாடையைக் கட்டும் முன் உரக்கக் கேட்டு உரக்கப் பதில் பெறுங்கள். கண்குழி அறுவை செய்தவருக்கு முதற்சில மணி நேரம் கட்டுப் போட்டுக் கண்ணை மறைக்காமல், விரல்களை எண்ணச் சொல்லி அடிக்கடி பார்வையைச் சோதிக்க வேண்டும். பற்கள் கம்பியால் கட்டப்பட்டவரின் தலைமாட்டில் கம்பி வெட்டும் கத்தரி தொங்க வேண்டும்; எந்தக் கம்பியை வெட்டுவது என்று இரவுப் பணித் தாதியிடம் காட்டியிருக்க வேண்டும்.

உணவைப் பற்றிக் குடும்பத்தாரிடம் நீங்களே பேசுங்கள். "எத்தனை நாளைக்கு டாக்டர் சோறு கிடையாது?" என்பதுதான் முதற்கேள்வியாக வரும். ஆறு வாரம் கடித்துச் சாப்பிட வேண்டாம் என்று மட்டும் சொன்னால், வெறும் மைலோ பானத்திலேயே ஆளை மெலிய வைத்துவிடுவார்கள். பருப்பும் காய்கறியும் மீனும் சேர்த்துக் குழைய வேகவைத்து, அரைத்து, வடிகட்டிய கஞ்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை உண்ட பிறகும் உப்புநீர்க் கொப்புளிப்பும், குழந்தைப் பிரஷால் பல் துலக்குவதும் கட்டாயம். புகைப்பதை விடாதவருக்குத் தகடு சீழ் பிடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பட்டப்படிப்புக்கான பதிவேட்டில் எத்தனை அறுவை செய்தீர்கள் என்று எண்ணிக்கை கேட்பார்கள். அதற்குப் பக்கத்தில் நீங்களாகவே ஒரு கூடுதல் நிரல் போட்டு, ஆறாம் வாரத்தில் கடிப்பு எப்படி இருந்தது, உதட்டில் மரப்பு எஞ்சியதா, இரட்டைப் பார்வை தீர்ந்ததா என்று எழுதுங்கள். பாதிக் கட்டங்கள் வெறுமையாக இருக்கும், ஏனெனில் தையல் பிரித்ததும் பலர் திரும்பி வருவதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து படகேறி வர ஒரு நாள் சம்பளம் போகும், வலியும் இல்லை. அவர்களைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். காலை எட்டு மணிக்கு முன்பாகக் கூப்பிட்டால் நல்லது. அதற்கு மேல் பலர் மறுபடியும் மோட்டார்சைக்கிளில்தான் இருப்பார்கள், எடுக்க மாட்டார்கள்.